பாதையில் அடுக்கியிருந்த கற்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் வேலை செய்யும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே பாலைவனத்தில் சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாக வரிவரியாக ஒரு பாறை இருக்கிறது, அரை மணி நேரம் நடந்தால் போதும் என்று ஒருநாள் காலையில் கூட்டிப் போனாள். எங்களுக்கு முன்னால் கிளம்பிய ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி கையசைத்துவிட்டுப் போனார்கள்.

நான் மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் பழம் வெட்டியவன். குலை ஏற்றின தள்ளுவண்டி சின்னக் கல்லில் ஏறினாலும் கவிழ்ந்துவிடும். அதனால் பாதையில் கல்லைப் பார்த்தால் என் கால் சும்மா இருக்காது. மகள் படம் எடுத்துக்கொண்டே பின்னால் வந்தாள். முன்னால் போன நான், வழியில் யாரோ குட்டிக் குட்டியாக அடுக்கி வைத்திருந்த கற்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனேன். பின்னால் வருகிறவர்களுக்குப் பெரிய உதவி செய்கிறேன் என்ற நினைப்பு வேறு!

பாறை சொன்ன மாதிரியே அழகு. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தம்பதி அதையும் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பலாம் என்றபோதுதான் மகள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கல்லெல்லாம் எங்கப்பா? அதைப் பார்த்துதானே திரும்பிப் போகணும்?"

செய்ததைச் சொன்னேன்.

"என்னப்பா நீங்க, இங்க யாரு வண்டி தள்ளுறா லா?" என்றாள். அப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது. "நம்மகிட்ட போன்ல வழி இருக்கு, போயிடலாம். உள்ளே போனாங்களே, அவங்க?"

எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பாறை. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. மகள் போனைப் பார்த்து வழி காட்ட, சிதறிக் கிடந்த கற்களைத் தேடித் தேடி மறுபடி அடுக்கினேன். பதட்டத்தில் இரண்டு மூன்று சரிந்து, திரும்பவும் அடுக்க வேண்டியிருந்தது.

கடைசி அடுக்குக்குப் பக்கத்திலேயே காத்திருந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று மகளும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு அடுக்கையும் கையால் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு நடந்தார். நடந்ததை அவர்களிடம் இங்கிலீஷில் சொல்லும்படி மகளிடம் சொன்னேன். "வேணாம்பா," என்றாள் மகள். நான் விடவில்லை.

கேட்டதும் அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. வந்த வழியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை நினைத்தால், இன்னொருத்தர் வைத்த எதையும் எதற்கென்று கேட்காமல் நகர்த்த எனக்கு இன்றைக்கும் கை வருவதில்லை.