கலங்கலில் நடந்த கூட்டம்

என் மகள் தாமல் ஊராட்சித் தலைவியான பிறகு வந்த முதல் பெருமழை அது. ஏரி நிரம்பி, உபரி நீர் வழியும் கலங்கலைத் தொட்டிருந்தது. தூறல் விழுந்த விடியலில் நீரும் வானமும் ஒரே நிறமாயிருக்க, கரையில் நின்றவர்கள் மிதப்பது போல் தெரிந்தார்கள்.

அடுத்த போகத்துக்குத் தண்ணீர் தேக்க, விவசாயிகள் கலங்கல்மேல் மணல்மூட்டை அடுக்கியிருந்தார்கள். அவற்றை எடுக்காவிட்டால் ஏரியோரத் தெருவில் வீடுகள் முழுகும். இரு தரப்பும் கத்திக்கொண்டிருந்தன. அதிகாரி வரட்டும் என்றார் ஒருவர்.

"அவரு எதுக்குபா? ஊரே இங்கதான நிக்குது. இப்பவே பேசி முடிப்போம்," என்று என் மகள் கலங்கல்மேல் இறங்கினாள். ஊர் விஷயத்தை ஊரே கூடி முடிவு செய்ய வேண்டும் என்றுதான் அவள் ஓட்டுக் கேட்டிருந்தாள்.

பாசியில் கால் வழுக்கியது. நீரின் மேல் அவள் தலை மட்டும் தெரிந்தது. சண்டையிட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து அவளை இழுத்தார்கள்.

"போதும்மா, இந்தப் பதவியே வாணாம். வீட்டுக்கு வா," என்றேன்.

"சும்மா இரும்மா, இன்னும் பேசி முடிக்கல."

"தலைவரம்மா குளிச்சிக்கினே கூட்டம் நடத்துறாங்கபா!" என்றார் ஒரு விவசாயி. எல்லோரும் சிரித்தார்கள். மேல்வரிசை மூட்டைகளை மட்டும் எடுப்பது என்று முடிவானது.

இப்போதும் கனவில் அந்தத் தலை மட்டும் மிதக்கிறது. அன்று நான் மறுபடி அவளைக் கூப்பிடவில்லை. மூட்டைகள் கைமாறி முடியும்வரை கரையிலேயே நின்றிருந்தேன்.