அவர் பெயர் சீயக்காய் அல்ல

விழுப்புரத்தில் அம்மா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. கொரட்டூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: “சி பிளாக் சீயக்காய் ஆன்ட்டி இன்று காலை ஹார்ட் அட்டாக்கில் தவறிவிட்டார்கள். ஆழ்ந்த இரங்கல்.” அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். செத்துப்போன மனுஷிக்கு ஒரு பெயர் கிடையாதா? இத்தனை பேர் கும்பிடுகிறார்களே, ஒருவருக்காவது அது உறைத்ததா? “அவர் பெயர் கற்பகம்” என்று குழுவில் தட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். அதற்கும் இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள்.

ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். கற்பகம் அக்கா அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். நானும் அதே பிரிவுதான், அவரைவிட இளையவள். ஒரே குடியிருப்பில் அவர் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது மாடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “மறந்துட்டேம்மா” என்பார். அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது.

ஐம்பது வயதை நெருங்கும்போது ஒரு கார் வாங்கினார். பழைய கார்தான், கருஞ்சிவப்பு நிறம். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் குளிப்பாட்ட வேண்டுமே, எந்தச் சோப்பு போடுவது என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். துணிப்பவுடர் காரமானது, கையே எரிகிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு அதற்கு அண்ணன். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது சீயக்காய்த் தூள். நான் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே ஓடினேன்.

“அக்கா, என்னக்கா பண்றீங்க?”

“இன்னாடி பண்றேன்? தலைக்கு நல்லதுன்னா தகரத்துக்கு ஆவாதா? சோப்பு மாதிரியா இது, சாதுவான சரக்காச்சே!”

சாதுவான சரக்கு அன்று செய்த வேலையைக் காய்ந்த பிறகுதான் பார்த்தோம். வெயிலில் நிறுத்தியபோது, பழைய எவர்சில்வர் தட்டு போல வண்டி முழுக்கக் கீறல் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பாலிஷ் போடுகிறவரிடம் கொண்டுபோனோம். அவர் வண்டியைச் சுற்றி வந்து, “இன்னாம்மா, அம்மில வெச்சு அரைச்சியா?” என்று கேட்டார். கற்பகம் அக்கா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கதையை அவரேதான் எல்லோரிடமும் சொன்னார். லிஃப்டில் சொன்னார், பொங்கல் விழாவில் மைக் பிடித்தே சொன்னார். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ள ஒரு பெரிய மனசு வேண்டும். அந்த மனசைப் பார்த்து மரியாதை வந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பட்டப்பெயர்தான் வந்தது.

அதன் பிறகு சோப்பு விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காருக்கென்று விற்கிற ஷாம்புவைத்தான் போடுவார். அதிலும் புதிதாக ஒன்றை வாங்கினால் இரண்டு சொட்டை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். “நொரைய பாத்து மயங்காதடி. நொர எதுல வேணா வரும். வழுக்குதா பாரு. வழுக்குனாதான் மண்ணு கீறாம எறங்கும்” என்பார். பாத்திரம் கழுவும் திரவம் ஏன் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். பிசுக்கை எடுப்பதுதான் அதன் பிழைப்பு, பெயிண்டுக்கு மேலே காவலுக்குப் பூசியிருக்கும் மெழுகும் அதற்குப் பிசுக்குதான், அதையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும் என்றார். கழுவி முடித்ததும் ஒரு கை தண்ணீரை பானெட்டில் தெளிப்பார். “முத்து முத்தா நின்னா தோலு நல்லா கீதுன்னு அர்த்தம். பப்பரப்பேன்னு படுத்துகிச்சுன்னா மெழுகு பூட்ச்சு, அவ்ளோதான்.”

நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, கூரையிலிருந்து கீழே வருவார். ஷாம்புக்கு ஒரு பக்கெட், துணியை அலச இன்னொரு பக்கெட். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அதனால் உடனே துடைத்துவிடுவார். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் கண்ணாடியில் மட்டும்தான் வைப்பார். புறா எச்சத்தை ஈரத்துணி போட்டு ஊறவைத்துத்தான் எடுப்பார். இதையெல்லாம் பார்த்து பால்கனிகளில் சிரிப்பு நடக்கும். பிள்ளை குட்டி இல்லை, அதான் வண்டியைக் கொஞ்சுகிறார் என்று வாய் கூசாமல் ஒரு அம்மாள் என்னிடமே சொன்னார்.

குடியிருப்போர் சங்கத்தில் எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து ஓர் ஆளை நியமித்தார்கள். ஒரே பக்கெட், ஒரே துணி, பாத்திரச் சோப்பு. முதல் வண்டியின் மண்ணை வைத்துக் கடைசி வண்டி வரை தேய்ப்பார். கற்பகம் அக்கா மட்டும், “என் வண்டிய நான் பாத்துக்கறேன் சார்” என்று சொல்லிவிட்டார். ஒத்துப்போகாதவர் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

சரி, இப்படிச் சிரித்த வீடுகளில் அந்த வண்டியில் ஏறாத வீடு எது? அதைத்தான் கேட்கிறேன். ஏ பிளாக் பெண்ணுக்குப் பிரசவ வலி என்றால் கற்பகம் அக்கா. ரயிலுக்கு நேரமாகிவிட்டால் கற்பகம் அக்கா. கீழ்வீட்டுப் பெரியவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக, அவர் மகன் ஊரில் இல்லாத நாளெல்லாம் கற்பகம் அக்கா. பெண் பார்க்க வருகிறார்கள், வாசலில் பளபளவென்று ஒரு கார் நின்றால் நன்றாயிருக்கும் என்று வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்தப் பளபளப்பு எந்த வேலையால் வந்ததோ அந்த வேலைக்குச் சிரிப்பு, பளபளப்பு மட்டும் வேண்டும்.

சங்கச் செயலாளர் தம் மூத்த மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்காக அதே வண்டியைக் கேட்டார். அக்கா சாவியைக் கொடுத்தார். திரும்பி வந்த வண்டியில் பூவைக் கட்டிய கம்பி பானெட்டைக் கிழித்திருந்தது. அகலமான டேப்பை ஒட்டிப் பிய்த்ததில் கதவோரம் பெயிண்ட் கையகலத்துக்குப் போயிருந்தது. புறப்படும் முன் பாத்திரச் சோப்பும் நார் ஸ்க்ரப்பரும் போட்டு வேறு தேய்த்திருக்கிறார்கள். நான் செயலாளர் வீட்டு வாசலுக்குக் கிளம்பினேன். கற்பகம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“வுடுடி. கல்யாண ஊடு.”

“கல்யாண வீடுன்னா? நீங்க ஏன்க்கா குடுக்கறீங்க? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சோப்ப பத்தின்னா சண்ட போட்டுருவேன்டி. வண்டி குடுங்கன்னு மொகத்தப் பாத்து கேக்கறாங்க பாரு, அப்ப ‘இல்ல’ன்ற சொல்லு வாய்ல வர மாட்டேங்குது. இன்னா பண்ணச் சொல்ற?”

டேப்பின் பிசினை ஒரு ஞாயிறு முழுக்க எண்ணெய் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார். போன பெயிண்ட் போனதுதான். செயலாளர் அந்தப் பக்கமாக நடந்து போகையில், “என்ன மேடம், அபிஷேகம் நடக்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா சிரித்தார். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இனி அந்தக் கடைசி நாள் காலை. நான் ஊரில் இல்லை. வாட்ச்மேன் கண்ணால் பார்த்ததை, நான் வந்து சேர்ந்ததும் கேட்டின் அருகே நின்று சொன்னார்.

“காலீல இண்டர்காம்ல செக்ரட்டரி சாராண்ட பேசிகினு இருந்துச்சு யக்கா. நெஞ்சு ஒரு மாரி பண்ணுது, கொஞ்சம் ஆஸ்பத்திரி வரைக்கும் வர முடியுமா சார்னு கேட்டுச்சு. என் எதுர்லதான். அவரு டாக்ஸி புக் பண்ணித் தரட்டுமான்னு கேட்டாரு போல. வாணாம் சார்னு வெச்சுட்டு, தானே வண்டிய எட்த்துகினு பூட்ச்சு. நான் வரேம்மான்னேன். கேட்ட யாரு பாத்துப்பான்னு சொல்லிட்டு பூட்ச்சு யக்கா.”

மருத்துவமனை வரை தானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் மரத்தடியில் ஓரமாக நிறுத்தி, பூட்டி, உள்ளே நடந்து போய்த்தான் விழுந்திருக்கிறார். அந்தக் குடியிருப்பில் அவர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தவர்கள் எத்தனை பேர்! அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு டிரைவர் கிடைக்கவில்லை. விதி என்று சொல்லி இதை ஆற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை.

செயலாளரைப் பற்றி நான் பொய் சொல்லக்கூடாது. ஷாமியானா போட்டவர் அவர்தான். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தவர் அவர்தான். உடலைத் தூக்கும்போது வாய்விட்டு அழுதார், அந்த அழுகையும் உண்மைதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திருநின்றவூரிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி தாமோதரன்தான் கொள்ளி வைத்தார். ஆண்களை ஏற்றிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போய் வந்தது, மருத்துவமனையிலிருந்து எடுத்து வந்திருந்த அக்காவின் கார். திரும்பியதும் எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். வீட்டை அலசினோம். நான் கீழே வந்தபோது, வெயிலில் நிறுத்திய காருக்குப் பக்கத்தில் தாமோதரன் குந்தியிருந்தார். எதிரே ஒரு பக்கெட் நிறைய துணிப்பவுடர் நுரை, அதில் மஞ்சள், கையில் தேங்காய் நார். பானெட்டில் நாரை வைக்கப் போனார்.

“கையை எடுங்க!” என்று கத்திவிட்டேன்.

அவர் பதறி எழுந்தார். “சுடுகாடு பூட்டு வந்த வண்டி யக்கா. தீட்டு கழிக்கணும்னாங்க. அந்தம்மாதான் பவுடரு குட்த்தாங்க.”

கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு சண்டை. அக்கா போன அன்றே அவர் வண்டியையும் பாழாக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அந்த மனிதர் குழந்தை போல விழித்தார். அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? டிக்கியைத் திறந்து அக்காவின் ஷாம்புவை எடுத்தேன். வண்டியை நிழலுக்குத் தள்ளினோம். இரண்டு பக்கெட் கொண்டுவரச் சொன்னேன். அவர் தண்ணீர் ஊற்ற, நான் கூரையிலிருந்து ஆரம்பித்தேன். கதவோரம் பெயிண்ட் போன இடம் வந்ததும், “இது எப்டி ஆச்சு?” என்று கேட்டார். சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் அன்று முதல்முறையாக அழுதார்.

துடைத்து முடிக்கிற நேரத்தில் செயலாளர் வந்தார். குளித்து, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். தாமோதரனின் தோளைத் தட்டிக் கொடுத்தார். வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தப்பா எடுத்துக்காதீங்க. தை மாசம் சின்னவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். மேடம்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வச்சிருந்தேன். வண்டி இங்கதானே இருக்கும்?” என்றார்.

தாமோதரன் என்னைப் பார்த்தார். “எங்கக்கா இருந்தா இன்னா சொல்லியிருக்கும் யக்கா?”

“குடுத்திருப்பாங்க தம்பி. அதனாலதான் நான் சொல்றேன்.” துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். “இல்ல சார். கிடையாது.”

செயலாளர் “சரி மேடம்” என்றார். லிஃப்டை நோக்கி நடந்துபோய்விட்டார்.

அவ்வளவுதான் அக்கா. வானம் இடிந்து விழவில்லை, யாரும் பகையாகவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தா இத்தனை வருஷம் சாவியைக் கொடுத்தீர்கள்? இவ்வளவு சுலபம் என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது. இனி உங்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.