மாகிரட் வீட்டு மான்கொம்பு

மாகிரட்டின் முற்றத்தில் ஒரு மிருகக்காட்சிச்சாலையே உண்டு, எல்லாம் செடிகள். கழுதைவால் தொங்கும், பூனைமீசை பூக்கும், வௌவால் பூ கறுத்த முகத்தோடு மூலையில் நிற்கும். ஆனால் அவளுக்கு உயிர், மாமரத்தில் பலகையோடு தொங்கிய மான்கொம்புச் செடிதான். துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் வேலை பார்த்த அவளுடைய கணவர் டொமினிக், பழைய வள்ளத்துப் பலகையொன்றில் அதைக் கட்டிவிட்டு அடுத்த வருடமே கண்ணை மூடிவிட்டார். அவர் கையால் வைத்தது என்று அந்த வீட்டில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

ஆசையாக வளர்த்து என்ன பிரயோசனம்? அந்த ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிற பெண்களுக்கு ஒரு நம்பிக்கை: செடியைக் கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காதாம், களவெடுத்து நட்டால்தான் தழைக்குமாம். மாகிரட்டோ கேட்டால் வெட்டிக் கொடுக்கிற மனுஷி. ஒருத்தியாவது கேட்க வேண்டுமே! பூசைக்குப் போய் வருவதற்குள் கழுதைவாலில் பாதியைக் காணோம். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்புகிறவளின் கைப்பையிலிருந்து பூனைமீசை எட்டிப் பார்க்கும்.

"கேளுங்கோவன், தாறன்! ஏன் இப்பிடிக் களவெடுக்கிறியள்?" என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு இளம் பெண் பஸ்மியா மான்கொம்பின் பக்கத்தில் முளைத்த குட்டியொன்றைக் கிள்ளிக்கொண்டு போனபோது, மாகிரட் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கியது. தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று மாகிரட் பலகையை இறக்கி வேலியில் மாட்டினாள். படலையைச் சாத்த மறந்துபோனாள். ஊருக்குள் மாடுகளைப் போல மான்கள் திரிகிற இடம் இது. விடிந்து பார்த்தால் பலகைதான் மிச்சம். செடியைக் குருத்தோடு தின்றுவிட்டுப் போயிருந்தன.

பலகையைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு ஆத்திரம் வந்தது. மானின் மேல், தன் மேல், ஏன், செத்துப்போன டொமினிக்கின் மேலும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ்மியா வீட்டுக்குப் போனாள். அங்கே கொய்யா மரத்தில் மான்கொம்பு கொழுத்து, குட்டிகளோடு நின்றது.

"பஸ்மியா, இதில ஒரு குட்டி தா புள்ள. என்ர செடிய மான் திண்டுட்டுது."

"அல்லாவே! ஆனா தர ஏலாது மாகிரட் அக்கா. கையால தந்தா பட்டுப்போகும்."

"உனக்கென்ன விசரோ? இது என்ர வீட்டுச் செடியடி!"

"ஓம் அக்கா, அதுக்குத்தான் சொல்லுறன். டொமினிக் அண்ணன்ட செடி திரும்பச் சாகக்கூடாது." பஸ்மியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் குசினிக்குள்ள போய் உலையப் பாக்கிறன். கத்தி அந்தக் கதிரையில கிடக்கு."

பிறத்தியார் வீட்டில் ஒரு தேசிக்காய்கூடத் தொட்டறியாதவள் மாகிரட். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கத்தியை எடுத்தாள். நல்ல குட்டியாகப் பார்த்து வெட்டி, சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு படலையை நோக்கி ஓடினாள்.

"கள்ளி! கள்ளி!" குசினி யன்னலில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கப் பஸ்மியா கத்தினாள்.

வாயை மூடடி என்று திருப்பிக் கத்தத்தான் மாகிரட் திரும்பினாள். அழுகைதான் வந்தது.