சுயதொழில் பெண்கள் கூட்டத்தில் ஒரு நுளம்பு வரைபடம்

கிராம சேவகர் என் தொழில் என்னவென்று கேட்டபோது, ஆராய்ச்சி என்றேன். எந்தக் கந்தோரில் என்றார். வீட்டில் என்றேன். மனிதர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு "அப்ப, ஸ்வயங் ரக்கியா" என்று சிங்களத்தில் தீர்ப்புச் சொன்னார். சுயதொழில். எனக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது.

பொரளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக இருந்து அலுத்து வெளியேறியவள் நான். இப்போது வெள்ளவத்தை ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து, மழை பெய்தால் டெங்கு நுளம்பு எங்கே பெருகும் என்று கணித்து, வரைபடமாக்கி, வெளிநாட்டு ஆய்வுக் குழுக்களுக்குக் கொடுக்கிறேன். என்னோடு சேர்ந்து செய்யும் இருவரும் தனியாட்கள்தான். நோர்வேக்காரி தன் பெயரிலேயே ஒரு கம்பனி பதிந்து வைத்திருக்கிறாள். கென்யாக்காரரை அவருடைய ஊரில் கொன்சல்டன்ட் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். என்னை இங்கே என்னவென்று கூப்பிடுவது? அம்மாவுக்கு அதுதான் கவலை. போதாததற்கு ஓர் அரசாங்க வேலையும் வந்து நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை. பென்சன் இருக்கு. உன்ர இந்த விசர் வேலையை ஆர் மதிக்கினம்?"

"விசர் எண்டால் விசர்தான். எனக்குப் பிடிச்சிருக்கு!" நானும் கத்தினேன்.

அந்த வாரம்தான், கிராம சேவகர் எழுதிக்கொண்டு போனதை வைத்து, பிரதேச செயலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. வியாழக்கிழமை சுயதொழில் செய்யும் பெண்களின் கூட்டம், உற்பத்தியின் மாதிரியோடு வரவும். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் வீம்புக்குப் போனேன். அம்மா வேடிக்கை பார்க்க வந்தார்.

கொழும்பு முழுக்க இருந்து பெண்கள் வந்திருந்தார்கள். மேசைகளில் மிளகாய்த்தூள், முறுக்கு, தைத்த பிளவுஸ். நடுவே என் வரைபடம். கடவுளே, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மின்விசிறிக் காற்றில் அது பறக்க, அம்மா ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில் மீன் கட்லட் வைத்திருந்த, முகத்துவாரம் பகுதியில் இருந்து வந்த பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"மிஸ், இது எங்கட தோட்டம்தானே?" நெருக்கியடித்த வரிசை வீடுகளை அங்கே தோட்டம் என்றுதான் சொல்வார்கள். "ஏன் செவப்பா இருக்கு?"

மழை விட்டதும் நுளம்பு முதலில் பெருகும் இடம் அது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"போன மழைக்கு மகளுக்கு டெங்கு மிஸ். ஐசியூல வச்சிருந்தாங்க. இத முன்னுக்கே சொல்ல ஏலுமா?"

"ஏலும்."

"அப்ப ஏன் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல?"

நோர்வேக்குப் போன படம் முகத்துவாரத்துக்குப் போயிருக்கவில்லை. இனி நானே சொல்கிறேன் என்று அவருடைய நம்பரை வாங்கினேன். அதைக் கேட்டு இன்னும் சில பெண்கள், "எங்கட பக்கத்தையும் பாருங்க மிஸ்" என்று வந்து சூழ்ந்தார்கள்.

கடைசியில் பெயர் பதிய வந்த இளம் உத்தியோகத்தர் எல்லாரிடமும் கேட்டதை என்னிடமும் கேட்டார்.

"நாளைக்கு ஒரு கவர்ன்மன்ட் வேல கெடச்சா இத விட்டுடுவீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்.

"இல்லைத் தம்பி, அவவுக்கு நேரமில்லை. அடுத்த மழைக்கு முதல் மற்றத் தோட்டங்களையும் பார்த்து முடிக்க வேணும்."