எந்தக் கோட்டில் வெட்டுவது

என் தம்பிக்கு நான் சட்டை தைக்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்தது, தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது. தம்பி காணாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். ஒருநாள் காலை வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பினான். பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. அவன் வண்டி மட்டும் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் பூட்டியபடி நின்றது. வீட்டில் சண்டை இல்லை, வெளியில் கடன் இல்லை, எங்களுக்குத் தெரிந்து காதலும் இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று அலைந்து ஓய்ந்தோம். அந்த அலைச்சலிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். இரும்புலியூர் வீட்டில் இப்போது அம்மாவும் நானும் மட்டும்தான்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி எடுக்க வேண்டும். அம்மாவின் கணக்கில் நாங்கள் இன்னும் மூன்று பேர். ஒவ்வொரு டிசம்பரிலும் அவனுக்கு ஒரு ரெடிமேட் சட்டை எடுப்பாள், அவன் போனபோது போட்டுக்கொண்டிருந்த அதே சைஸில். அது நேராக பீரோவுக்குள் போய்விடும். கவரைக்கூடப் பிரிப்பதில்லை. அந்த பீரோவைத் திறந்தாலே கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை முகத்தில் அடிக்கும். எனக்கு அது பிடிக்காது. என் துணிகளை வேறு அலமாரிக்கு மாற்றிக்கொண்டேன்.

இந்த முறை கடைக்காரர், "யாருக்குமா? சைஸ் இன்னா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். வழக்கமான நம்பர் வரவில்லை.

"அவன் இன்னும் அதே சைஸாவா இருப்பான்?" என்று என்னைக் கேட்டாள். "நாப்பது ஆகப்போகுதுடி. அந்த வயசுல உங்கப்பாவுக்குத் தொப்பை விழுந்துடுச்சே."

"ஆள இட்டுக்கினு வாங்கம்மா. போட்டுப் பாத்து எடுத்துக்கலாம்," என்றார் கடைக்காரர். நல்ல மனிதர்தான். அவருக்கு என்ன தெரியும்? அம்மா அடுத்த பக்கம் நகர்ந்து, இளநீலத்தில் மெல்லிய கோடு போட்ட காட்டன் துணியைக் காட்டி வெட்டச் சொன்னாள். "நீயே தைச்சிடு. லூசா தை. எப்படி இருந்தாலும் போட்டுக்குவான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் காட்ட முடியாது. பஸ்ஸில் காட்டினேன், அதாவது வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவன் இறந்துவிட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன். அம்மாவிடம் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறைக்குப் போனபோது, துணிந்து ஒரு மெழுகுவத்தி கூடுதலாக எடுத்துப் போனேன். அம்மா பார்த்துவிட்டாள். என் கையிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டாள். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எவளாவது மெழுகுவத்தி ஏத்துவாளா?" சுற்றிலும் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இருக்கிறான் என்ற நினைப்பில்தான் அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதைத் தட்டிவிட்டால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம். அதனால் தைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் தைப்பதெல்லாம் ப்ளவுஸ், நைட்டி, குர்தா. ஆண்கள் சட்டை தைத்ததே இல்லை. நெட்டில் தொளதொளவென்று ஒரு சட்டைக்கான பேட்டர்ன் வாங்கி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, தாள்களை ஹாலில் பரப்பி ஒன்றோடொன்று ஒட்டினேன். ஐந்து சைஸும் ஒரே தாளில்தான் இருக்கும். உள்ளே ஸ்மால், அதற்கு வெளியே மீடியம், அதற்கும் வெளியே லார்ஜ் என்று கோட்டுக்கு வெளியே கோடாகப் போகும். நமக்கு வேண்டிய கோட்டைப் பிடித்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். தைப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அன்று கத்தரிக்கோல் ஓடவில்லை. ஒருவனுக்குள் ஒருவனாக ஐந்து தம்பிகள் ஹாலில் மல்லாந்து படுத்திருந்தார்கள்.

உள்கோட்டில் வெட்டினால் அவன் எங்கோ சோறு இல்லாமல் வாடிக் கிடக்கிறான் என்று அர்த்தம். வெளிக்கோட்டில் வெட்டினால் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, எங்களை மறந்து சௌக்கியமாக இருக்கிறான் என்று அர்த்தம். நான் நினைத்துக்கொண்டிருந்த மூன்றாவதற்கு அந்தத் தாளில் கோடு இல்லை. அவன் இப்போது போடும் சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தைத்துவிடலாம். பீரோ நிறைய இருந்தவை ஒன்றும் அவன் போட்டுப் பார்த்தவை அல்ல.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் வெளியே இருந்த கோட்டில் விரலை வைத்து, தோளிலிருந்து இடுப்புவரை தடவிக்கொண்டே போனாள்.

"இதுல வெட்டு."

"ரொம்பப் பெரிசும்மா. இது குண்டா இருக்கிறவங்களுக்கு."

"இருக்கட்டும். நம்மள மறந்துட்டே இருந்தாலும் பரவால்ல. நல்லா சாப்பிட்டிருக்கட்டும்."

வெட்டினேன்.

துணியை ஊறவைத்து, காயவைத்து, தேய்த்து, தாளை வைத்துக் குண்டூசி குத்தி, சாக்பீஸில் வரைந்து வெட்டும்வரை அது வெறும் வேலையாக இருந்தது. தோளை இணைத்த பிறகு மாறிவிட்டது. தட்டையாகக் கிடந்த துணிக்கு முதுகு வந்துவிட்டது. கையைப் பொருத்தி, சுருக்கம் விழாமல் இருக்க ஜன்னல் கம்பியில் ஹேங்கரோடு மாட்டினேன். மின்விசிறி காற்றில் அது மெல்லத் திரும்பும், திரும்பி நிற்கும். சமையலறையிலிருந்து வரும்போது ஓரக்கண்ணில் யாரோ நிற்பது தெரியும். துணிதான் என்று எனக்குத் தெரியும், நான் தைத்த துணி. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நின்று திரும்பிப் பார்த்தேன். ஒரு மாலை பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கு வெளியே நின்று, "வூட்ல யாருனா வந்துகிறாங்களா? ஜன்னலாண்ட ஒரு ஆம்பள நிக்கிற மாரி இருந்துச்சு," என்றார். சட்டை என்று சொன்னேன். "அதானே பாத்தேன்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்ச் சட்டையை ஹேங்கரிலிருந்து எடுத்து மடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடியும் கம்பியில் தொங்கியது. அம்மாதான் மாட்டியிருந்தாள்.

"மடிச்சா மூச்சு முட்டும்டி அதுக்கு," என்றாள்.

கத்த வேண்டும் போல இருந்தது. அம்மா, அதற்குள் ஆள் இல்லை, எங்கேயும் இல்லை என்று சொல்லித் தொலைத்துவிட்டால் என்ன? மெஷினில் போய் உட்கார்ந்து முன்பட்டியை அடிக்க ஆரம்பித்தேன்.

கடைசி வேலை பட்டன். முன்பக்கம் இரண்டு பட்டிகளும் அடித்தாகிவிட்டது, ஒரு பட்டியில் பட்டன் நுழையும் காஜாவும் எடுத்தாகிவிட்டது. பட்டன் வைக்கப் போகும்போதுதான் காஜா எடுத்த பக்கம் சரிதானா என்று சந்தேகம் வந்தது. ஆண்கள் சட்டையில் இடப் பக்கம் மேலே வரும், பெண்கள் சட்டையில் வலப் பக்கம். மேஜைமேல் கிடந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பிடிபடவில்லை. மதிய நேரம், அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமுடியைத் தூக்கி கிளிப்பில் அடக்கிக்கொண்டு, சட்டையை எடுத்து நைட்டிக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அடுத்த தெருவுக்கு அப்பால் ரயில் போகும் சத்தம் கேட்டது.

கை தானாகப் போய் காஜா இருந்த வலது பட்டியை மேலே வைத்தது. இடறவே இல்லை. அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடம் பெண்களுக்கே தைத்துப் பழகிய கை, இதையும் பெண் சட்டையாகவே தைத்துவிட்டது. பட்டியைப் பிரித்தால் காஜா ஓட்டைகள் அப்படியே நிற்கும். மாற்றுத் துணியும் இல்லை. அவன் வந்தாலும் இதைப் போட்டுக்கொள்ள முடியாது என்று நினைத்தேன். வந்தாலும் என்று நினைத்ததும், நானும் உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேனா என்று திகைப்பாக இருந்தது. சட்டையின் கைகள் என் விரல்நுனியைத் தாண்டித் தொங்கின. தோள் முழங்கைக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. அழுகை வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். அம்மா தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

சாயங்கால ஜெபத்தில் முணுமுணுப்பாகச் சொல்லும் பெயர் அல்ல. அடுப்படியிலிருந்து தெருவரை கேட்கும்படி, சாப்பிட வாடா என்று கூப்பிடும் அந்தக் குரல். அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

"எப்படா வந்த?"

திரும்பியிருக்க வேண்டும். நான்தான்மா என்று ஒரு வார்த்தை போதும். திரும்பினால் அவள் முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள். முதுகில் கை வைத்தாள். தொளதொளத்த துணியை அளைந்து அளைந்து, உள்ளே இருந்த என் தோள் எலும்பைப் பிடித்தாள். "இளைச்சிட்டியேடா," என்றாள். காலரைச் சரிசெய்தாள். அவள் நெற்றி என் முதுகில் வந்து சாய்ந்தது. துணி நனைவதை உணர்ந்தேன். இனியும் தாங்காது என்று திரும்பப் போனேன்.

"திரும்பாத," என்றாள் அம்மா. "நீதான்னு எனக்குத் தெரியும்டி. அவன் வரமாட்டான்னும் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே நில்லு."

நின்றேன்.