நத்தையின் நிஜப் பெயர்

ஓரிகன் மலைச்சரிவில் உள்ள அந்த வனப்பள்ளிக்குள் கால் வைத்துவிட்டால் ஆசிரியர்கள் யாருக்கும் நிஜப் பெயர் கிடையாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வெள்ளிக்கிழமை வரை அங்கேயே தங்கிக் காட்டைப் படிப்பார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாம் நீர்நாய், பெரணி, மரங்கொத்தி. ரோவீனா லிண்ட்க்விஸ்ட் அங்கே நத்தை. வியாழக்கிழமை சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்காரும்போது ஒவ்வொரு குழுவும் தன் ஆசிரியரின் நிஜப் பெயரை ஊகிக்கலாம். சரியாகச் சொல்லிவிட்டால் அவர் போட்ட உடுப்போடு ஓடையில் இறங்க வேண்டும். பனி உருகி வரும் தண்ணீர், பல்லெல்லாம் தந்தியடிக்கும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நனையாதவள் ரோவீனா ஒருத்திதான்.

அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். கர்வப்பட வேறென்ன இருந்தது, பாவம்! கல்யாணம் முறிந்துபோயிற்று. மகள் டெலியா அப்பாவோடு போர்ட்லண்டில் இருக்கிறாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ரோவீனா பார்க்கப் போவாள். சாப்பிட்டுக் கை கழுவியதும், "நாளைக்கு பஸ் வருதுடா கண்ணு, படுக்கையெல்லாம் போடணும்" என்று கிளம்பிவிடுவாள். யார் யார் பெற்ற பிள்ளைகளுக்கோ முழுதாக ஒரு வாரம், தான் பெற்றதற்கு அரை நாள். இதை அவள் கணக்காகப் பார்த்ததே இல்லை.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் டெலியா போன் பண்ணினாள்.

"அம்மா, எங்க கிளாஸ் உன் கேம்புக்குத்தான் வருது. நீ என் அம்மான்னு அங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியமா?"

"ஏண்டி?"

"சும்மாதான்."

சும்மாவாம்! ரோவீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் சேற்று பூட்ஸையும், தலையில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபிர் மரத்து ஊசியிலைகளையும் அன்றைக்குத்தான் அவள் சரியாகப் பார்த்தாள்.

"உன் பொண்ணை மரங்கொத்தி குழுவுல போட்டுரட்டுமா?" என்று நிர்வாகி நீர்நாய் கேட்டார்.

"வேணாம். என்கிட்டயே இருக்கட்டும். அவளுக்கு நான் நத்தை, எனக்கு அவ யாரோ."

"தாங்குவியா நீ?"

"வாயை மூடிக்கிட்டு இரேன் கொஞ்சம்."

திங்கட்கிழமை மூடுபனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. டெலியா இறங்கினாள், முன்பின் பார்த்திராதவள் போல "ஹாய் நத்தை" என்றாள், போய் வரிசையில் நின்றுகொண்டாள். கில்லாடிதான்.

செவ்வாய்க்கிழமை ரோவீனா வழக்கம்போல, வாழைப்பழ மஞ்சளில் வழுவழுவென்று கிடந்த ஓடில்லா நத்தை ஒன்றை இலையோடு எடுத்து முத்தமிட்டுக் காட்டினாள். கேம்ரின் என்ற வாயாடிப் பெண் அலறினாள்.

"உவ்வே! உங்களுக்கு முத்தம் குடுக்க வீட்டுல ஆளே இல்லையா?"

"இருந்தா நான் ஏன் இதுகிட்ட வர்றேன்?"

எல்லோரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். டெலியாவும்தான் சிரித்தாள். அது ரோவீனாவுக்கு வலித்தது.

புதன்கிழமை தனியாக உட்காரும் நாள். ஒரு பிள்ளைக்கு ஒரு மரம், பேச்சு கிடையாது. பாசி போர்த்திய மரங்களுக்கு இடையே பனி மெல்ல நடந்துகொண்டிருந்தது. எங்கோ உச்சியில் சொட்டிய நீர் கிளைகிளையாகத் தங்கித் தங்கி இறங்கி, கீழே வரும்போது ஓசையே இல்லாமல் போயிற்று. பச்சையா, வெளிச்சமா, தூக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பொழுது. ரோவீனா ஒவ்வொரு பிள்ளையாகத் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும். முதலில் டெலியாவிடம் வந்தாள். தொட்டாள், பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். டெலியா கண்ணைத் திறக்காமல் அவள் தோளில் தலையைச் சாய்த்தாள். இரண்டு பேர் மூச்சும் ஒன்றாகவே போய் வந்துகொண்டிருந்தது. காடு அவர்களைத் தாண்டி எங்கோ நகர்ந்து போவதுபோல இருந்தது.

"நத்தை! எங்களை மறந்துட்டீங்களா?" என்று தூரத்திலிருந்து கேம்ரினின் குரல் வந்தது.

ஆமாம், சுத்தமாக மறந்துவிட்டிருந்தாள். டெலியா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதனால்தான் வியாழக்கிழமை ரோவீனாவுக்கு அப்படியொரு ஆசை வந்தது. நெருப்பருகே கேம்ரின் "பெக்கி!" என்றாள், தப்பு. இன்னொருத்தி "டோலோரஸ்!" என்றாள், தப்பு. கடைசி வாய்ப்பு டெலியாவுக்கு. சொல்லேண்டி, எல்லார் முன்னாலும் சொல்லித்தொலையேன் என்று ரோவீனாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடை என்ன, கடலிலேயே இறங்க அவள் தயார்.

டெலியா எழுந்து நின்றாள். அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"கெர்ட்ரூட்."

கூட்டம் "ஐயோ!" என்றது. ரோவீனாவும் கைதட்டிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றாள்.

வெள்ளிக்கிழமை பஸ் அருகே மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும்போது அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னை அம்மான்னு சொல்லிக்க உனக்கு அவ்வளவு அவமானமாடி?"

டெலியா விழித்தாள். "அவமானமா? அம்மா வந்தா மணி பாத்துக்கிட்டே இருப்பா. நத்தை ஒரு தடவைகூட பாக்கல. நேத்து பேரைச் சொல்லியிருந்தா நீ மறுபடி அம்மா ஆயிருப்பே. இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்துச்சில்ல?"

ரோவீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"இது உன் ஞாயிறு இல்லையே."

"தெரியும்."

"எத்தனை மணிக்குக் கிளம்புவே?" குழந்தை குறையாகக் கேட்கவில்லை, வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள். பதில் வருவதற்குள் கேம்ரின் அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு மூடியது.

பஸ் நகர்ந்தது. ரோவீனா பைத்தியக்காரி மாதிரி கூடவே ஓடி ஜன்னலைத் தட்டினாள்.

"திங்கட்கிழமை! உன்னை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுட்டுத்தான் அம்மா கிளம்புவேன்!"

ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். டெலியா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வளைவில் பஸ் மறையும்வரை அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. திங்கட்கிழமைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்ல ரோவீனா நீர்நாயைத் தேடிப் போனாள்.