அப்பாவுக்குக் கிடைத்த முன்சீட்

அப்பாவின் சட்டையில் எப்போதும் கந்தக வாசம் இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. விரல் இடுக்கில் ஒட்டிய அலுமினியப் பொடி வெயிலில் மின்னும்…

என் விரல் எல்லாம் கறுப்பு. ஜெராக்ஸ் மெஷின் செய்த வேலை. சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு கடையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், மனு டைப் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அப்பா ஏழாயிரம்பண்ணைக்கு வேலைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனி வேனில் என் உத்தியோகமே வேறாக இருந்திருக்கிறது!

அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், மகனுக்கு பேங்க் வேலை கிடைத்ததென்று வேனில் எல்லாருக்கும் லட்டு கொடுத்திருக்கிறார். அதைத் தின்ற வாய் சும்மா இருந்ததா? என் மகள் கலெக்டருக்குப் பக்கத்து ரூமில் வேலை பார்க்கிறாள் என்று அப்பா அள்ளி விட்டுவிட்டார்.

மறுநாளே டிரைவர் பக்கத்து சீட் அவருக்கு. அதுவரை தினமும் அந்த இடத்துக்குப் பெரிய போட்டியே நடக்குமாம். வீட்டில் இதைப் பற்றி அப்பா மூச்சே விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை, மனுநாள் கூட்டம். கருப்பசாமி மாமா தேய்த்த வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்தார். அப்பாவோடு ஒரே ஷெட்டில் பட்டாசுக்கு மருந்து அடைப்பவர். ரேஷன் கார்டை நீட்டியவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா… கலெக்டர் பக்கத்துல வேலை பாக்கான்னுல்ல ஒங்கப்பன் சொன்னான்? உள்ள கேட்டா அப்படி யாருமே இல்லங்காக."

அப்பா விட்ட கதை எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மாமாவின் மனைவி நடக்க முடியாமல் படுத்துவிட்டார். உதவித்தொகைக்கு எழுதிப் போட வேண்டும். 'எம் மக பாத்துக்கிடுவா' என்று அப்பா சொன்னதை நம்பி மனிதர் மாசக்கணக்கில் சும்மா இருந்திருக்கிறார்.

"இல்ல மாமா… இங்கனதான் வேலை" என்றேன்.

இவர் நாளைக்கு வேனில் வாயைத் திறந்தால் அப்பா எந்த முகத்தோடு ஏறுவார்? எனக்கு அந்தப் பயம்தான்.

மாமா ரேஷன் கார்டை மேசைமேல் வைத்தார். அப்புறம், "சரி, நீயே ஒரு மனு அடிச்சுத் தா" என்றார்.

அடித்துக் கொடுத்தேன். ஓனரிடம் சொல்லிவிட்டு வரிசையில் அவர் கூடவே நின்றேன். மனுவைக் கொடுத்த பிறகுதான் கடைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் அப்பாவைப் பிடித்து நன்றாகக் கத்தினேன். அவர் தட்டில் வைத்த சோற்றைத் தொடவில்லை. காலையில் வேலைக்குப் போகமாட்டேன் என்றார். அம்மாதான் விரட்டி அனுப்பினாள்.

வேனில் அப்பா ஏறியதும் மாமாதான் முதலில் பேசினாராம். "இவன் மக மட்டும் இல்லேன்னா நேத்து எனக்கு அங்கன ஒண்ணுமே நடந்திருக்காதுப்பா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்பாவால்தான் தாங்க முடியவில்லை. அவரே எல்லார் முன்னாடியும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு, முன்சீட்டிலிருந்து எழுந்திருக்கிறார்.

"ஒக்காருலே. புள்ள எங்கூட வரிசையில நின்னுச்சு, அது போதும்" என்றாராம் மாமா.

அந்த வருஷப் பட்டாசு சீசன் முடியும்வரை வேனில் அப்பாவைக் கேலி பேசியே ஓட்டித் தள்ளினார்கள். ஆனாலும் சீட் அவருக்குத்தான்!

அத்தைக்கு உதவித்தொகையும் வந்தது.

இப்போது பாதி மனுக்கள் செல்போனிலேயே போய்விடுகின்றன. மல்லாங்கிணறில் நானே சொந்தமாகக் கடை போட்டுவிட்டேன். மாமா வந்தால் "கலெக்டரம்மா இருக்காகளா?" என்றுதான் நுழைவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும். அன்று அவர் நினைத்திருந்தால் என் அப்பாவைக் கூனிக் குறுக வைத்திருக்கலாம்…

அப்பா வேலையை விட்டுவிட்டார். கடை வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவார்.

"ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா!"